மதுரை வட்டாரத்தில் கஞ்சாவும் சட்டமும்

கஞ்சா என்பது கஞ்சாச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப் பகுதியைக் குறிக்கும். இந்தியாவில் சட்டத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்தப்படும் போதைப்பொருள்களுள் இது மிகப் பரவலானவற்றுள் ஒன்றாகும். மதுரையும் அதன் மேற்கிலுள்ள தேனி மாவட்டமும் தமிழ்நாட்டில் கஞ்சா தொடர்பான செய்திகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. இக்கட்டுரை மதுரை வட்டாரத்தை முன்னிறுத்திக் கஞ்சாவையும், அதனையும் பிற போதைப்பொருள்களையும் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டங்களையும் விளக்குகிறது.

பெயர்களும் வடிவங்களும்

சித்த மருத்துவ நூல்களில் இச்செடி கோரக்கர் மூலி என்றும் வழங்கப்படுகிறது. ஒரே செடியிலிருந்து மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. பூநுனியைக் காயவைத்துப் பெறுவது கஞ்சா. பிசினைத் திரட்டிப் பெறுவது சரஸ். இலையை அரைத்துப் பெறுவது பாங்கு. வட இந்தியாவில் பாங்கு கலந்த பானம் ஹோலி, சிவராத்திரி நாட்களில் அருந்தப்படுகிறது. தமிழ்நாட்டில் அவ்வழக்கம் ஏறக்குறைய இல்லை. மயக்கத்தை உண்டாக்கும் முதன்மை வேதிப்பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினால் 1964ஆம் ஆண்டில் இசுரேலிய அறிவியலாளர்களான கவோனி, மெக்கூலம் ஆகியோரால் பிரித்தெடுக்கப்பட்டது. புகைத்தால் சில நிமிடங்களில் மயக்கம் தெரியும். உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். இத்தாமதத்தை அறியாதவர்கள் மீண்டும் உண்டு அளவு மீறுவதுண்டு. இப்பொருள் உடற்கொழுப்பில் தங்குவதால் போதை தெளிந்து பல நாட்களான பின்னும் சிறுநீர்ச் சோதனையில் தெரியவரும். வளரிளம் பருவத்தில் தொடங்கிய தொடர் பழக்கம் நினைவாற்றலைப் பாதிப்பதுடன் மனச்சிதைவு போன்ற நோய்களுக்கான வாய்ப்பையும் கூட்டுகிறது.

வரலாறு

பிரித்தானிய ஆட்சியில் கஞ்சா தடை செய்யப்பட்ட பொருளாக இருக்கவில்லை. உரிமமும் வரியும் உள்ள சரக்காகவே இருந்தது. 1893இல் அமைக்கப்பட்ட இந்தியக் கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் சாட்சியம் பெற்று 1894இல் அறிக்கை அளித்தது. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்றும், முழுத் தடையைவிட வரியும் கட்டுப்பாடுமே ஏற்றவை என்றும் அது கூறியது. வரி வருவாயை விரும்பிய அரசு நியமித்த ஆணையம் அது என்பதையும் மறந்துவிடலாகாது.

சென்னை மாகாணத்தில் 1937இல் இராசாசி தலைமையிலான அரசு மதுவிலக்குச் சட்டத்தை இயற்றியது. இச்சட்டம் கள், சாராயத்தோடு போதை தரும் மூலிகைகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. மது தொடர்பான தடை பின்னாளில் பலமுறை தளர்ந்து மீண்டது. கஞ்சாவுக்கு அத்தகைய தளர்வு கிடைக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒற்றை உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது. மருத்துவமல்லாத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த அவ்வுடன்படிக்கை 25 ஆண்டுகள் காலம் தந்திருந்தது. அக்கெடு முடியும் தறுவாயில்தான் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது.

மதுரையும் மேற்கு மலைகளும்

மதுரை நகரின் மேற்கிலுள்ள காளவாசல் சந்திப்பில் தேனி சாலையும் புறவழிச் சாலையும் கூடுகின்றன. காளவாசல் என்னும் சொல் செங்கல் அல்லது சுண்ணாம்பு சுடும் சூளையைக் குறிக்கும். இங்கிருந்து செல்லும் சாலை உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகத் தேனியை அடைந்து, கம்பம், குமுளி என மலையேறிக் கேரளத்துக்குள் நுழைகிறது. இம்மலைப் பகுதிகளிலும் வருசநாட்டுக் காடுகளிலும் அண்டையிலுள்ள இடுக்கி மாவட்டத்திலும் முன்பு கஞ்சா பெருமளவில் கள்ளத்தனமாகப் பயிரிடப்பட்டது. தேனி 1990களில்தான் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்தது என்பதால் பழைய வழக்குகள் பலவும் மதுரைக் கணக்கிலேயே உள்ளன.

வனத்துறையும் காவல்துறையும் தொடர்ந்து செடிகளை அழித்ததால் இப்பகுதியின் சாகுபடி பெரிதும் ஒடுங்கியது. இக்காலத்தில் தமிழ்நாட்டில் பிடிபடும் கஞ்சாவின் பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து தொடர்வண்டியிலும் சாலை வழியாகவும் வருகிறது. அதில் ஒரு பகுதி இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து படகேறி இலங்கைக்குப் போகிறது. இலங்கைச் செய்தித்தாள்கள் இந்தியாவிலிருந்து கடத்தப்படும் இச்சரக்கைப் பொதுவாகக் 'கேரளா கஞ்சா' என்றே எழுதுகின்றன. சரக்கு கேரளத்தைக் கண்டிராவிட்டாலும் பெயர் நிலைத்துவிட்டது.

1985ஆம் ஆண்டுச் சட்டம்

போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 1989, 2001, 2014 ஆகிய ஆண்டுகளில் இது குறிப்பிடத்தக்க திருத்தங்களைப் பெற்றது. தொடக்கத்தில் ஒரு பொட்டலம் வைத்திருந்தவருக்கும் ஒரு வண்டிச் சரக்கு கடத்தியவருக்கும் இடையே இச்சட்டம் போதிய வேறுபாடு காட்டவில்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தமே எடையை அடிப்படையாகக் கொண்ட படிநிலையைக் கொண்டுவந்தது. அதன் பின்னர் இச்சட்டத்தில் தராசுக்கு நீதிபதிக்கு நிகரான இடம் கிடைத்தது எனலாம்.

கஞ்சாவைப் பொறுத்தவரை 1 கிலோகிராம் வரை சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது இடைப்பட்ட அளவு. சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கலாம். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு, கூடியது இருபதாண்டு. தண்டம் ஓர் இலட்சத்திலிருந்து தொடங்கும். பத்தாண்டுக்குக் கீழே குறைக்க நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. பிற பொருள்களின் அளவுகள் மிகச் சிறியவை. எரோயினில் 5 கிராமும் 250 கிராமும், கொக்கெயினில் 2 கிராமும் 100 கிராமும், எம்.டி.எம்.ஏ. எனப்படும் மாத்திரையில் அரை கிராமும் 10 கிராமும் முறையே சிறு அளவின் உச்சமும் வணிக அளவின் தொடக்கமும் ஆகும்.

எடை போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. சட்டத்தின் வரையறைப்படி பூநுனி சேராத தனி இலையும் விதையும் கஞ்சா அல்ல. ஆனால் பிடிபடும் மூட்டையில் இலை, காம்பு, விதை எல்லாம் கலந்தே இருக்கும். 21 கிலோ மூட்டையிலிருந்து இலையையும் விதையையும் கழித்தால் அது 20 கிலோவுக்குக் கீழே போகுமா என்பது ஒருவரின் பத்தாண்டு வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது. உயர் நீதிமன்றங்களில் பிணை மனுக்களின்போது இவ்வாதம் அடிக்கடி எழுகிறது. வேறு பொருளோடு கலந்த போதைப்பொருளில் தூய பகுதியை மட்டும் எடை போடுவதா, முழுக் கலவையையும் எடை போடுவதா என்ற கேள்விக்கு, முழுக் கலவையையுமே கணக்கிட வேண்டும் என 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை கூறியது.

பிணையும் மெய்ப்பிப்பும்

பொதுவான குற்றவியல் வழக்குகளில் குற்றத்தை மெய்ப்பிப்பது அரசின் பொறுப்பு. இச்சட்டத்தில் பொருள் ஒருவரிடம் இருந்தது என நிறுவப்பட்டால், அவர் அறிந்தே வைத்திருந்தார் என நீதிமன்றம் கருதிக்கொள்ளும். அறியாமல் வைத்திருந்ததைக் காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் கடமையாகிறது. ஊருக்குப் போகும்போது நண்பர் கொடுத்தனுப்பும் பையைத் திறந்து பாராமல் வாங்கிச் செல்லும் மாணவர் சிக்கிக்கொள்வது இவ்விடத்தில்தான். போதைப்பொருள் வைக்க அறிந்தே அறையையோ வாகனத்தையோ கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு. வணிக அளவு வழக்குகளில், குற்றவாளி அல்லர் என நம்ப நியாயமான காரணம் இருந்தாலன்றிப் பிணை கிடைக்காது. குற்றப்பத்திரிகை பதிய 180 நாட்கள் வரை அவகாசம் உண்டு. நீதிமன்றம் அதனை ஓராண்டு வரை நீட்டிக்கலாம்.

இத்தகைய கடுமைக்கு ஈடாகவே நடைமுறைக் காப்புகள் வைக்கப்பட்டுள்ளன. ஒருவரின் உடலைச் சோதனையிடும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை அவருக்கு உண்டு என எடுத்துக்கூற வேண்டும். இது உடற்சோதனைக்கு மட்டுமே, கைப்பைக்குப் பொருந்தாது. கைப்பற்றிய பொருளின் மாதிரியை நடுவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தோபான் சிங் வழக்கில், விசாரணை அலுவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாகக் கொள்ள இயலாது என 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருளைப் பேணுவதிலும் வழக்குகள் தோற்றுள்ளன. சென்னையில் 22 கிலோ கஞ்சா வழக்கொன்றில் வைப்பறையில் இருந்த பொருளை எலிகள் தின்றுவிட்டதாகக் கூறப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் 2023இல் விடுவிக்கப்பட்டனர்.

மதுரையில் இவ்வழக்குகளுக்கெனச் சிறப்பு நீதிமன்றம் உள்ளது. மேல்முறையீடுகள் 2004 சூலை 24 அன்று தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்கின்றன. இவற்றோடு 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ், மக்கள் வழக்கில் குண்டர் சட்டம் எனப்படுவதன்படி, போதைப்பொருள் குற்றவாளியை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். 2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறை 'கஞ்சா வேட்டை' என்ற பெயரில் நடவடிக்கை தொடங்கியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டலக் காவல்துறை, வணிகர்களின் வங்கிக் கணக்குகளையும் சொத்துகளையும் முடக்குவதில் முனைப்புக் காட்டியது.

பிற பொருள்கள்

மது, புகையிலை ஆகியவை இச்சட்டத்தின்கீழ் வாரா. மது விற்பனை மாநில அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் உள்ளது; 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்கலாகாது. குட்காவும் பான்மசாலாவும் தமிழ்நாட்டில் 2013 மே மாதத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டன. உதட்டிடுக்கில் வைக்கும் 'கூல் லிப்' என்னும் புகையிலைப் பொட்டலம் பள்ளி மாணவரிடையே பரவியது பற்றி மதுரைக் கிளை 2024இல் கவலை தெரிவித்தது. வலி நீக்கி மாத்திரைகளுள் டிராமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. சித்த மருந்துகளில் கஞ்சா, அபினி, எட்டி ஆகியன நச்சுப் பொருள்களாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. இவை சேர்ந்த மருந்தை மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

பிற நாடுகளில்

கனடா 2018இலும் செருமனி 2024இலும் பெரியவர்களின் கஞ்சாப் பயன்பாட்டைக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தன. மறுபுறம் சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை விதிக்கப்படுகிறது. 2023 ஏப்ரலில் அங்கு ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சா வழக்கில் தூக்கிலிடப்பட்ட தங்கராசு சுப்பையா ஒரு தமிழர் ஆவார். அதே எடை இந்தியச் சட்டப்படி சிறு அளவின் எல்லையில் வரும். 2020 டிசம்பர் 2 அன்று ஐக்கிய நாடுகள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்கியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது; எனினும் உள்நாட்டுச் சட்டத்தை மாற்றவில்லை.

சிகிச்சை

போதைப்பொருளை உட்கொள்வதும் குற்றமே. கஞ்சாவுக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். ஆயினும் பழக்கத்துக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், உட்கொண்டதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மீது வழக்கு நடத்த 64அ பிரிவு தடை விதிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் இப்பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம். 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியது. சிகிச்சை தொடர்பான தேசிய உதவி எண் 14446. தமிழ்நாட்டில் போதைப்பொருள் விற்பனை குறித்துத் தகவல் தர 10581 என்னும் எண் உள்ளது.