தண்டவாளம் சேரும் புள்ளி

சென்ட்ரலில் இறங்கி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடந்தால் கவின்கலைக் கல்லூரியின் பழைய சிவப்புக் கட்டடம் வரும். பஸ்ஸில் போகிற நமக்கு அது இன்னொரு அரசு காலேஜ், அவ்வளவுதான். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. தேர்ந்த கைவினைஞர்களை உருவாக்குவதுதான் அன்றைய கனவு. தனக்கென்று ஒரு பார்வை உள்ள ஓவியர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அங்கே சொல்லிக்கொடுத்தவற்றில் ஒன்று பெர்ஸ்பெக்டிவ். தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல வரைகிற கணக்கு. பார்த்தால் சாதாரணப் பாடம்தான். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: பார்ப்பவர் ஒரே ஆளாக, ஓரிடத்தில், அசையாமல் நிற்க வேண்டும். நம் கோயில் சுவரோவியத்தின் முன்னால் யார் அப்படி நின்றார்கள்? ராஜா ஆளுயரம் இருப்பார், பக்கத்திலேயே நிற்கிற சேவகன் முழங்கால் உயரம். ஒரே கதாபாத்திரம் அதே சுவரில் நாலு தடவை வரும். ஜனங்கள் நடந்துகொண்டே பார்த்தார்கள். அந்தப் பார்வையைத் தப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றுக்கு மட்டும் மார்க் போட்டால் போதும்.

ராய் சௌத்ரிக்குப் பிறகு, 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் அதே பள்ளியில் படித்தவர். நிலக்காட்சியில் கை தேர்ந்தவர். நாற்பதைத் தாண்டி, ஐரோப்பாவில் படங்களைக் காட்டிவிட்டு வந்தபின் அவரைக் குடைந்த கேள்வி, இதில் என் மண் எங்கே என்பது. 1963இல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டு கண்ணில் பட்டதாம். கோடுகள், எண்கள், எழுத்துகள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை. மலையாள எழுத்து மாதிரி இருக்கும், வாசிக்க வராது. ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும், பலன் சொல்லாது. தண்டவாளம் சேர்கிற புள்ளியே அதில் கிடையாது.

‘வேரைக் கண்டடைந்தார்’ என்று இதை எழுதுவது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்த ஓலைச்சுவடியை, படிக்கத் தெரியாத பேரன் புரட்டிப் பார்ப்பதுபோல இருக்கின்றன அந்தப் படங்கள். நூறு வருஷம் வேறொரு பார்வையைப் படித்த பள்ளியிலிருந்து இதைவிட நேர்மையாக என்ன வந்திருக்க முடியும்?

அங்கே படித்த பி.வி. ஜானகிராம், மூலவருக்குச் சாத்தும் கவசம்போல செம்புத் தகட்டை அடித்துச் சிற்பம் செய்தார். அவர் பெயர் கலை வரலாற்றில் இருக்கிறது. கோயில் கவசத்தை அடித்த ஆசாரியின் பெயரை நாம் கேட்டதேயில்லை.

1966இல் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். படம் விற்பது அபூர்வம். ஆரம்ப நாட்களில் அவர்களுக்குச் சோறு போட்டது பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும்தான்.