குதிரைத் தளபதி ஃபாரஸ்டின் வரவு செலவு

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) என்றதும் நமக்கு லிங்கன்தான் ஞாபகம் வருவார். அவரை எதிர்த்த தென் மாநிலங்களின் தளபதிகளில் ராபர்ட் லீயின் பெயர் சிலருக்குத் தெரிந்திருக்கும். நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்ட் என்ற குதிரைப்படைத் தளபதி அந்த அளவு தெரிந்தவர் இல்லை. ராணுவப் பள்ளிப் பக்கமே போகாதவர். சிப்பாயாகச் சேர்ந்து லெப்டினன்ட் ஜெனரல் வரை உயர்ந்தார். ஆனால் போருக்கு முன் அவர் ஒரு வியாபாரி. நானும் வியாபாரி, ஆகவே அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

டென்னஸி மாநிலத்தில் 1821-ல் பிறந்த கொல்லர் மகன். சிறு வயதிலேயே தகப்பனார் போய்விட, குடும்ப பாரம் இவர் தலையில். 1850-களில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மெம்ஃபிஸ் நகருக்கு வந்து கடை போட்டார். சரக்கு என்ன தெரியுமா? மனிதர்கள். கறுப்பின ஆண், பெண், குழந்தைகளை வாங்கி, பருத்தித் தோட்டக்காரர்களுக்கு விற்றார். 1858-ல் நகரசபை உறுப்பினரும் ஆனார்! சமண நூல்கள் இல்லறத்தாருக்கு விலக்கிய பதினைந்து தொழில்களில் கேச வாணிஜ்யம் ஒன்று. ஆடு மாடு மட்டுமல்ல, அடிமைகளை விற்பதும் அதில் அடங்கும். ஃபாரஸ்டின் ஊரிலோ அது கௌரவமான தொழில்.

போர் வந்ததும் கைக்காசு போட்டுக் குதிரையும் ஆயுதமும் வாங்கிப் படை திரட்டினார் என்று மெச்சுவார்கள். அந்தக் காசு வந்த வழியைச் சொல்லமாட்டார்கள்.

திறமை இருந்தது, மறுக்கவில்லை. குதிரையில் விரைந்து போய், இறங்கி நின்று சண்டை போடுவது அவர் முறை. 1863 மே மாதம் அலபாமாவில் சுமார் 500 பேரை வைத்துக்கொண்டு, 1,500 பேர் கொண்ட வடக்குப் படையைச் சரணடைய வைத்தார். இரண்டே பீரங்கிகளைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, நிறைய இருப்பதுபோல் காட்டினார். சந்தையில் பேரம் பேசித் தேர்ந்தவனின் வித்தை!

1864 ஏப்ரல் 12-ஐ மட்டும் யாரும் மறைக்க முடியாது. மெம்ஃபிசுக்கு வடக்கே பில்லோ கோட்டையில் சுமார் 600 வடக்கு வீரர்கள். பாதிப்பேர் கறுப்பர்கள், பலர் அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள். ஒரு காலத்தில் விலை போட்டவர்கள், இப்போது துப்பாக்கியோடு எதிரே. கோட்டை விழுந்த பின்பும், ஆயுதத்தைப் போட்டவர்களைக் கொன்றார்கள். கறுப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாண்டார்கள். வெள்ளையரில் செத்தவர்கள் அதைவிட மிகக் குறைவு. ஃபாரஸ்ட் உத்தரவிட்டாரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஆற்று நீர் இருநூறு கெஜத்துக்கு ரத்தத்தால் சிவந்ததென்று மூன்று நாள் கழித்து அவரே அறிக்கை எழுதினார், வருத்தமில்லாமல். எனக்கு அது போதும்.

1865-ல் சரணடைந்தார். கறுப்பர்களை அச்சுறுத்திய கு க்ளக்ஸ் க்ளான் என்ற ரகசியக் கூட்டத்துக்கு முதல் தலைவரானார். 1871-ல் நாடாளுமன்ற விசாரணையில் அதை மறுத்தார். ரயில் கம்பெனி நொடித்தது. கடைசியில் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்து விவசாயம். 1877-ல் காலமானார்.

மெம்ஃபிசில் 1905-ல் வைத்த குதிரைச் சிலையை 2017 டிசம்பரில் இறக்கினார்கள். அடியில் இருந்த அவருடைய, மனைவியுடைய எலும்புகளை 2021-ல் எடுத்து வேறு ஊரில் புதைத்தார்கள். கடை இருந்த பகுதியில் நின்ற பழைய பலகை, தொழில் செய்து செல்வந்தரானார் என்று மட்டும் சொன்னது. என்ன தொழில் என்பதை 2018-ல் வைத்த புதுப் பலகைதான் சொல்கிறது.