தப்பு மானிட்டர் மேல இல்ல: வீடியோ கேபிளின் சின்ன வரலாறு

இன்னைக்குப் பேசப் போறது உங்க மேசைக்குப் பின்னாடி தூசி பிடிச்சுக் கிடக்கிற வீடியோ கேபிளைப் பத்தி.

எங்க ஊர் சூளகிரி. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுல, தேசிய நெடுஞ்சாலை 44 ஓரத்துல இருக்கு. கம்ப்யூட்டர் சாமான் வேணும்னா ஓசூர் போவோம். அங்க கிடைக்கலைன்னா அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு. என் மாமா பையன் ரெண்டு மாசச் சம்பளத்தைச் சேர்த்து அங்கதான் ஒரு 4கே மானிட்டர் வாங்கினான். வீட்ல கிடந்த பழைய ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டினான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரை கறுத்துப் போய்த் திரும்ப வருது. "மானிட்டர் போச்சுண்ணா"ன்னு வந்து நின்னான். பாதி விலைக்குத் தள்ளிவிட ஆளும் பார்த்து வச்சிருந்தான்.

அவனுக்குப் பதில் சொல்ல 1987க்குப் போகணும். அந்த வருஷம் ஐபிஎம் தன்னோட பிஎஸ்/2 கம்ப்யூட்டரோட விஜிஏ-வைக் கொண்டுவந்தது. 15 பின், ரெண்டு பக்கமும் திருகு. சிவப்பு, பச்சை, நீலம் மூணும் ஏறி இறங்கும் மின்னழுத்தமா கம்பியில போகும். கேபிள் மட்டமா இருந்தா எழுத்துக்குப் பக்கத்துல நிழல் விழும். கூடக் காசு கொடுத்தா படம் தெளிவா வரும்ங்கிறது அப்போ நியாயமான பேச்சு.

1999ல டிவிஐ, 2002 டிசம்பர்ல ஹெச்டிஎம்ஐ, 2006ல டிஸ்ப்ளேபோர்ட். இதுல படம் 0, 1 கணக்கா போகுது. கணக்கு சரியாப் போய்ச் சேர்ந்தா 300 ரூபாய் கேபிளும் 3000 ரூபாய் கேபிளும் காட்டுறது ஒரே படம்தான். தங்க முலாம் துருவைத் தடுக்கும், நிறத்தைக் கூட்டாது. கணக்கு தப்பினா மட்டும் புள்ளி புள்ளியா மின்னும், இல்லைன்னா திரையே கறுத்துடும்.

சிக்கல் எங்கன்னா, கணினியில மாட்டுற அந்த 19 பின் முனை அன்னைக்கிருந்து மாறவே இல்ல. உள்ள ஓட வேண்டிய வேகம் மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. 2006ல வந்த 1.3க்கு நொடிக்கு 10.2 ஜிகாபிட். 2013ல 2.0க்கு 18. 2017ல 2.1க்கு 48. 4கே படத்தை 30 ஹெர்ட்ஸ்ல ஓட்ட பழைய கேபிள் போதும். 60 ஹெர்ட்ஸ்க்கு 18 ஜிகாபிட் கேபிள் வேணும்.

அதனால முதல்ல செட்டிங்ஸ்ல 30 ஹெர்ட்ஸ்க்கு இறக்கச் சொன்னேன். மவுஸ் தடுமாறி நகர்ந்துச்சு. ஆனா ஒரு மணி நேரம் திரை ஒரு தடவைகூடக் கறுக்கல. அப்போ மானிட்டர் மேல தப்பில்ல.

ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். முதல் கடையில "2.1, 8கே"ன்னு பெருசா அச்சடிச்ச டப்பாவை நீட்டினாங்க. கேபிள்ல வெர்ஷன் நம்பர் போடக் கூடாதுன்னு ஹெச்டிஎம்ஐ உரிமம் தர்றவங்களே விதி வச்சிருக்காங்க, தெரியுமா? பார்க்க வேண்டியது வகைப் பேர். 18 ஜிகாபிட்டுக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்', 48க்கு 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'. சோதிச்சுத் தேறின கேபிள் டப்பாவுல மொபைல்ல ஸ்கேன் பண்ணிப் பார்க்கிற ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அந்தக் கடை டப்பாவுல அது இல்ல. மூணாவது கடையில கிடைச்சுது. நீளம் ஒன்றரை மீட்டர் போதும்னு சொன்னேன். நீளம் கூடக்கூட சிக்னல் தேயும்.

அன்னைக்கு ராத்திரி 60 ஹெர்ட்ஸ்ல விடிய விடிய ஓட்டினான். மானிட்டர் வாங்க வர இருந்தவருக்குப் போன் பண்ணி மன்னிப்பும் கேட்டுட்டான். பழைய கேபிள் இப்போ அத்தையோட டிவியில இருக்கு. அந்த டிவி 1080தான். சீரியல் பளிச்சுனு ஓடுது.