காஸ்ப்ளே டிரெஸ் செய்யக் கத்துக்கணுமா? காமிக் கான் கிளம்பும் முன் இதைப் படிங்க!

அனிமே, மார்வெல், வீடியோ கேம் கதாபாத்திரம் போல உடை போட்டு வருவதுதான் காஸ்ப்ளே. தாம்பரம், சேலையூர் பக்கத்து காலேஜ் பசங்களுக்கும் இந்த ஆர்வம் தொற்றியிருக்கிறது. ஆன்லைனில் ரெடிமேடாக வாங்கினால் காசு போகும், அளவும் சரியாக இருக்காது. சரி, நாமே செய்ய எங்கே கத்துக்கறது?

*சென்னை காமிக் கான்: எப்போது, எங்கே?*

காமிக் கான் இந்தியா 2011-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு முதல்முறை வந்தது 2024 பிப்ரவரியில். இடம் நந்தம்பாக்கம் வர்த்தக மையம். 2025 பிப்ரவரியிலும் அங்கேயே நடந்தது.

சேலையூரிலிருந்து போவது சுலபம். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி பரங்கிமலையில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான்.

*அங்கே போனால் தைக்கச் சொல்லித் தருவாங்களா?*

இது தையல் கிளாஸ் இல்லை. காமிக்ஸ் விற்பனை, மேடை நிகழ்ச்சி, காஸ்ப்ளே போட்டி எல்லாம் கலந்த திருவிழா. உடை செய்பவர்களுக்காகவே நடக்கும் மாநாடு அமெரிக்காவின் காஸ்ட்யூம் கான். 1983-ல் சான் டியாகோவில் தொடங்கிய அதில் செய்முறை வகுப்புகள் உண்டு. போட்டியில் புதியவர், தேறியவர், வல்லுநர் என்று பிரிவுகள் இருப்பதால், முதல்முறை வருபவர் பழம் தின்று கொட்டை போட்டவரோடு மோத வேண்டியதில்லை.

இங்கே அந்த வசதி இல்லை. ஆனால் செய்தவரே எதிரில் நிற்பார். "தோள் கவசத்தை எப்படி மாட்டினீங்க? பெல்ட்டா, வெல்க்ரோவா?" என்று கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். அனுமதி கேட்காமல் போட்டோ எடுப்பது, உடையைத் தொடுவது மட்டும் கூடாது.

*வீட்டிலேயே தொடங்குவது எப்படி?*

* முதலில் பேட்டர்ன்: பழைய டி-ஷர்ட் மேல் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, அதன் மேல் டேப் ஒட்டுங்கள். வேண்டிய வடிவத்தை வரைந்து வெட்டி எடுத்தால் உங்கள் உடம்புக்கான அளவு ரெடி.
* கவசத்துக்கு ஃபோம்: யோகா மேட், செருப்பு போன்றவற்றில் வரும் அதே ஈ.வி.ஏ. ஃபோம்தான். ஹீட் கன்னில் சூடாக்கி வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும்.
* ஒட்டும் முறை: ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் மேடையிலேயே பிரிந்துவிடும்.
* பெயிண்ட்: பிரைமர் அடிக்காமல் நேரடியாகப் பூசினால் ஃபோம் வளையும் இடத்தில் வெடிப்பு விடும்.
* துணி: மொத்த விலைக்கு பாரிமுனை கோடவுன் தெரு. எல்.இ.டி. விளக்கு, பேட்டரிக்கு ரிச்சி தெரு.

*கவனம் தேவை!*

ரப்பர் பசையின் வாடை மூச்சுக்கு நல்லதில்லை, எளிதில் தீயும் பிடிக்கும். கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் வேலை செய்யாதீர்கள். மாடி, வராண்டாதான் சரி. துணி மாஸ்க் தூசிக்குத்தான் உதவும், பசை வாடையைத் தடுக்காது. முழு ஃபோம் உடைக்குள் காற்று புகாது என்பதால் அடிக்கடி கழற்றி, தண்ணீர் குடிப்பது அவசியம். ரயிலில் உடையை மூட்டையாகக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொள்வது நல்லது. நிஜ கத்தி போன்ற ஆயுதம் எதுவும் வேண்டாம்.

*இது வெளிநாட்டுப் பழக்கம் மட்டுமா?*

1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மர்டில் டக்ளஸ் என்ற பெண், தனக்கும் நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனுக்கும் எதிர்கால உடை தைத்துப் போட்டு வந்தார். காஸ்ப்ளேயின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் எடை குறைந்த மரத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்து, விடிய விடிய அணிந்து ஆடும் வித்தை நம் தெருக்கூத்தில் எப்போதோ வந்துவிட்டது. ஃபோம் கவசம் செய்பவருக்கும் கூத்துக் கலைஞருக்கும் பிரச்சினை ஒன்றுதான்: பார்க்க கனமாக இருக்கணும், சுமக்க லேசாக இருக்கணும்!

*இதில் எதிர்காலம் உண்டா?*

போட்டிப் பரிசை நம்பி குடும்பம் நடத்த முடியாது. ஆனால் கைவசம் வரும் தொழில் வீணாகாது. 1983-ல் 'காந்தி' படத்துக்காக இந்தியாவுக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்தவர் பானு அத்தையா, ஆடை வடிவமைப்பாளர். 'பொன்னியின் செல்வன்' படத்தின் ஆடைகளுக்குப் பின்னால் இருந்தவர் ஏகா லகானி. முறையாகப் படிக்க விரும்பினால் தரமணியிலேயே நிஃப்ட் இருக்கிறது.

அதற்கு முன் ஒரே ஒரு கை கவசம் செய்து பாருங்கள். அதைப் போட்டுக்கொண்டு போனால், அங்கே மற்றவர்களிடம் என்ன கேட்கணும் என்பது தானாகப் புரியும்.