வாஃபிள் சுடப் போய் அச்சு முறுக்கு சுட்ட கதை

செமஸ்டர் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர் எப்படி எழுதினாய் என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள். இந்தப் பதிவு தின்பண்டம் பற்றியது, ஆனால் சமையல் குறிப்பு இல்லை. சரித்திரம். பயந்து ஓடிவிடாதீர்கள், கடைசியில் கொறிக்க ஏதாவது கிடைக்கும் :-)

விஷயம் இதுதான். என் தம்பி இந்த வருடம் பிறந்தநாளுக்கு கேக் வேண்டாம், வாஃபிள்தான் வேண்டும் என்று அடம் பிடித்தான். வீட்டில் ஐந்து பேர். கடை விலையை ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன் (பி.காம் படிப்பதன் ஒரே பயன்). "இதெல்லாம் வீட்டிலேயே செய்துவிடலாம்டா" என்று வாய் விட்டுவிட்டேன். மைதா, முட்டை, வெண்ணெய், பால், சர்க்கரை, பேக்கிங் பவுடர். அவ்வளவுதானே? இல்லாதது ஒன்றே ஒன்று: வாஃபிள் அச்சு. சாண்ட்விச் டோஸ்டரில் ஊற்றினால் என்ன என்று தோன்றியது. ஊற்றினேன். மாவு நாலு பக்கமும் வழிந்து, பாதி உள்ளே ஒட்டிக்கொண்டு, மீதி முக்கோண வடிவத்தில் இட்லி மாதிரி வந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் கொடுமை.

அப்போதுதான் அப்பாயி சமையலறைக்கு வந்தார்கள். மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது நம்ம அச்சு முறுக்கு மாவு மாதிரில்ல இருக்கு. அரிசி மாவுக்குப் பதிலா மைதாவைப் போட்டிருக்கே" என்றார்கள்.

அந்த ஒரு வரிதான் இந்தப் பதிவு.

முதலில் வாஃபிள் பக்கம் போவோம். இரண்டு இரும்புத் தகடு, நீளமான கைப்பிடி, இடுக்கி மாதிரி அமைப்பு. நடுவில் மாவை வைத்து நெருப்பில் காட்டிச் சுடுவது. இடைக்கால ஐரோப்பாவில் தேவாலயத்தில் நற்கருணைக்கான மெல்லிய அப்பத்தை இப்படித்தான் சுட்டார்கள். அதே இடுக்கியில் கடைத்தெருவுக்கான தின்பண்டமும் செய்தார்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் இந்த வேலைக்காரர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது. தகட்டில் தேனடை போலக் கட்டம் கட்டமாக வெட்டியதும் அது வாஃபிள் ஆனது. அந்தச் சொல்லின் பழைய வேருக்கே தேனடை என்ற பொருள் உண்டு என்கிறார்கள். நாம் சாப்பிடும் வேஃபர் பிஸ்கட்டின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். பீட்டர் புரூகல் 1559ல் வரைந்த, திருவிழாவும் தவக்காலமும் சண்டை போடுவது போன்ற ஓவியத்தில் வாஃபிள் இருக்கிறது. 1869ல் நியூயார்க் மாகாணத்தின் டிராய் நகரைச் சேர்ந்த கார்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் அடுப்பின் மேல் வைத்துத் திருப்பும் வாஃபிள் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் "பெல்ஜியன் வாஃபிள்" என்று கேட்டு வாங்குவது உலகப் புகழ் பெற்றது 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில். இது போதும். இதற்கு மேல் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது.

இனி நம் பக்கம். அச்சு முறுக்கைத் தெரியாதவர்களுக்கு: பூ வடிவத்தில் ஒரு இரும்பு அல்லது பித்தளை அச்சு, அதற்கு நீளக் கம்பி. எண்ணெயில் அச்சைக் காய வைத்து, மாவில் முக்கால்வாசி முக்கி, மறுபடி எண்ணெயில் விட்டால் பூ மட்டும் கழன்று மிதக்கும். அரிசி மாவு, தேங்காய்ப் பால், சர்க்கரை, முட்டை, கொஞ்சம் எள். அதாவது வாஃபிளின் அதே தத்துவம்: சூடான இரும்பு, நீர்க்கக் கரைத்த இனிப்பு மாவு, அச்சின் வடிவம். வித்தியாசம் என்னவென்றால், அங்கே இரண்டு தகடு, இங்கே ஒரு தகடும் எண்ணெயும்.

இதே பண்டம் கேரளாவில் அச்சப்பம். சிரியன் கிறிஸ்தவர்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும். கோவாவில் ரோஸ் டி கோக். நம்ம பறங்கிமலை, பல்லாவரம், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ரோஸ் குக்கி, கிறிஸ்துமஸுக்கு குல்குலோடு சேர்த்துத் தட்டில் வரும். இலங்கையில் கொக்கிஸ், சிங்களப் புத்தாண்டுக்கு அது இல்லாமல் முடியாது. மலேசியாவில் குவே ரோஸ், அங்குள்ள தமிழர் வீட்டில் தீபாவளிக்கு. இந்தோனேசியாவில் கெம்பாங் கோயாங். ஒரே அச்சு, ஆறேழு பெயர், எல்லா மதத்துப் பண்டிகையும்!

இது எப்படிப் பரவியது? மூன்று பேர் மேல் சந்தேகம்.

முதல் ஆள், டச்சுக்காரர்கள். 1602ல் தொடங்கிய டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1613ல் பழவேற்காட்டில் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1658ல் நாகப்பட்டினத்தை போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தது. 1690ல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தையே அங்கே மாற்றியது. 1781ல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை அது அவர்கள் கையில்தான். தாம்பரத்துக்காரர்களுக்குப் பக்கமாக வேண்டுமென்றால் கல்பாக்கம் அருகே சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் கோட்டையும் கல்லறைகளும் இருக்கின்றன, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். இவர்களுக்கு எதிரான பெரிய சாட்சி "கொக்கிஸ்" என்ற பெயர். டச்சு மொழியில் சின்னக் கேக்குகளுக்கு "கூக்யெஸ்" என்பார்கள். ஆங்கிலத்தின் குக்கியும் அங்கிருந்து வந்ததுதான். 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரம் டச்சுக்காரர்களிடம் இருந்ததால் இந்தப் பெயர் ஆச்சரியமில்லை.

இரண்டாவது ஆள், போர்ச்சுகீசியர். டச்சுக்காரர்களுக்கு நூறு வருடம் முன்னாலேயே வந்துவிட்டவர்கள். தாம்பரத்திலிருந்து ஏழாவது ஸ்டேஷன் பறங்கிமலை. பறங்கி என்ற சொல் அவர்களைக் குறித்ததுதான். போர்ச்சுகல், ஸ்பெயின் இரண்டிலும் பூ வடிவ அச்சை மாவில் முக்கிப் பொரிக்கும் பண்டம் இன்றும் உண்டு. டச்சுக்காரர்கள் ஒருபோதும் ஆளாத கோவாவில் இந்தப் பண்டம் எப்படி வந்தது என்று கேட்டால், விரல் இவர்கள் பக்கம்தான் நீள்கிறது.

மூன்றாவது ஆள், டேனிஷ்காரர்கள். இவர்களை யாரும் நினைப்பதே இல்லை. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி அவர்களுடையது. நாகப்பட்டினத்துக்குக் கூப்பிடு தூரம். நார்வே, ஸ்வீடன் பக்கம் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் ரோசெட் அச்சு அசல் நம் அச்சு முறுக்கேதான், படத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். ஆனால் கோவா, கேரளா, இலங்கை, மலாக்கா என்று பண்டம் பரவிய ஊர்களில் டேனிஷ் ஆட்சி இல்லை. அதனால் இவர்களை விடுதலை செய்துவிடலாம்.

மிச்சம் இரண்டு பேர். மலாக்காவை போர்ச்சுகீசியர் 1511ல் பிடித்தார்கள், 1641ல் டச்சுக்காரர்கள் பறித்தார்கள். கொச்சியும் அப்படித்தான், 1663ல். இலங்கையும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே ஊர்களில் ஒருவர் பின் ஒருவராகக் குடியிருந்திருக்கிறார்கள். கோவா போர்ச்சுகீசியர் பக்கம் சாட்சி, ஜாவா டச்சுக்காரர் பக்கம் சாட்சி. என் கணக்கு இது: பண்டத்தை ஒருவர் கொண்டுவந்திருக்கலாம், இலங்கையில் பெயரை வைத்தது அடுத்தவர். பெயர் வந்த வழியிலேயே பொருளும் வந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இன்னொரு குழப்பம், ஈரானிலும் துருக்கியிலும் இதே மாதிரி இரும்பு அச்சுப் பலகாரம் இருக்கிறது. ஆக, ஐரோப்பியர்களே இதை வேறு எங்கிருந்தோ கற்றிருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமில்லை. யார் கப்பலில் வந்திருந்தாலும், அந்த அச்சைப் பிடித்த கை வெள்ளைக்காரன் கை இல்லை. கம்பெனி ஆட்கள் இங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்கள் வீட்டு அடுப்பில் நின்றது நம் ஊர்ப் பெண்களும் வேலையாட்களும் அடிமைகளும். ஆமாம், அடிமைகள். பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் ஏற்றுமதியாகவில்லை. பஞ்ச காலத்தில் விலைக்கு வாங்கப்பட்ட நம் ஜனங்களும் படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். இனிப்பான பண்டத்தின் சரித்திரம் முழுக்க இனிப்பாக இருக்காது. கோதுமை மாவுக்குப் பதில் அரிசி மாவு, பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப் பால், கூடவே எள். இந்த மாற்றத்தைச் செய்தது அந்தச் சமையலறையில் நின்றவர்கள்தான். கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் மிளகுக்கும் துணிக்கும் பக்கம் பக்கமாக வரவு செலவு உண்டு. இவர்கள் செய்ததற்கு ஒரு வரிகூடக் கிடையாது. கணக்கியல் படிக்கிறவனுக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

சரி, வீட்டுக்கு வருவோம். அப்பாயி பிறந்தது நாகப்பட்டினம். அவர்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு அண்டை வீட்டிலிருந்து அச்சு முறுக்கு வருமாம், இவர்கள் தீபாவளிக்குத் திருப்பிக் கொடுப்பார்களாம். அந்த வீட்டு அம்மாதான் அப்பாயிக்குக் கல்யாணச் சீரோடு ஒரு பித்தளை அச்சைக் கொடுத்தது. பத்து வருடமாக அது எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. அப்பாயிக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து எண்ணெய்ச் சட்டி பக்கம் அம்மா விடுவதில்லை. அம்மா வேலைக்குப் போகிறவர், கற்றுக்கொள்ள நேரமில்லை. நான் கேட்டதே இல்லை. ஆக, நாகப்பட்டினத்திலிருந்து எங்கள் வீடு வரை வந்த ஒரு வித்தை மேற்கு தாம்பரத்தில் சத்தமில்லாமல் நின்றுபோக இருந்தது.

பரணிலிருந்து இறக்கினோம். புளி போட்டுத் தேய்த்து, ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறப் போட்டோம். மறுநாள் அப்பாயி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள், நான் அடுப்பில். முதல் ஐந்து அச்சிலேயே ஒட்டிக்கொண்டன. "அச்சு காயலை." காய வைத்தேன். மாவு பிடிக்கவே இல்லை. "இப்போ ரொம்பக் காய்ஞ்சிடுச்சு." முழுசாக முக்கிவிட்டேன், மேலே மூடிக்கொண்டு கழல மறுத்தது. "முக்காவாசிடா, முக்காவாசி! காது கேக்குதா?" ஒன்பதாவது, கம்பியை லேசாக ஆட்டியதும், கழன்று எண்ணெயில் மிதந்தது. அப்பாயி எதுவும் சொல்லவில்லை. தம்பியைக் கூப்பிட்டு "எடுத்து ஆற வை" என்றார்கள். அதற்குப் பிறகு நாற்பதுக்கும் மேல் சுட்டேன்.

தம்பி அதன் மேல் சாக்லேட் சாஸ் ஊற்றித் தின்றான். எனக்குக் கோபம் வந்தது. அப்பாயிக்கு வரவில்லை. "அவனவன் காலத்துக்கு அவனவன் ஒண்ணு சேப்பான், விடு" என்றார்கள். யோசித்துப் பார்த்தால், தேங்காய்ப் பால் ஊற்றியவர்களும் அதைத்தானே செய்தார்கள்?

உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்? யாருக்குச் சுடத் தெரியும்? பாட்டி, ஆச்சி, அம்மாயி, யாராக இருந்தாலும் இந்த லீவிலேயே கேட்டு வையுங்கள். அச்சு பரணில் பத்திரமாக இருக்கும், கைப்பக்குவம் இருக்காது.

டிஸ்கி: அளவு கேட்பவர்களுக்கு. அப்பாயி சொன்னது: "பச்சரிசி மாவு ரெண்டு உழக்கு, ஒரு தேங்காய்ப் பால், ஒரு முட்டை, சர்க்கரை உன் நாக்குக்கு. தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க." எவ்வளவு நீர்க்க என்று கேட்டேன். "சுட்டாத் தெரியும்" என்றார்கள்.