ஆறாங்கட்டையில் ஓர் இல்லம்



சயாம் ரயில் என்ற பேச்சு எழுந்தால், முன்பெல்லாம் நம் தோட்டத்துப் பெரியவர்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். அந்த மௌனத்துக்குள் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் இன்றைய வரலாற்றைத் தொடங்க முடியாது.

1942ஆம் ஆண்டு தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்ட அந்தப் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். சயாமையும் பர்மாவையும் சேர்க்க ஜப்பானியர் அதை அமைத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் நம் தோட்டத் தமிழர்கள். சில மாத வேலை, நல்ல கூலி, அரிசி என்று ஆசை காட்டி அழைத்துப் போனது ஒரு பக்கம். பெயர்ப்பட்டியல் போட்டு லோரியில் ஏற்றியது மறுபக்கம். 1943இல் காட்டு முகாம்களில் வாந்திபேதி பரவியபோது செத்தவர்களை எண்ணி எழுதக்கூட ஆளில்லை. வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர்களுக்கு அந்தப் பெயரும் மிஞ்சவில்லை.

தகப்பன் போன பிறகு லயத்தில் என்ன நடந்தது? பால்மரம் சீவும் வேலை நின்றுவிட்டது. அரிசி கிடைக்கவில்லை. மரவள்ளிக்கிழங்கே சோறானது, கோணிச் சாக்கே உடுப்பானது. மலேரியா வந்தால் கொயினா மாத்திரை இல்லை. தாயும் கண்ணை மூடிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரியும் பசியில் கிடக்கும்போது அந்தப் பிள்ளையை யார் எடுத்து வளர்ப்பது? குண்டு விழாத தோட்டத்திலும் யுத்தம் பிள்ளைகளை அநாதைகளாக்கியது இப்படித்தான்.

யுத்தத்துக்கு முன்பே இந்நாட்டில் அநாதைப் பிள்ளைகளுக்குப் புகலிடம் இருந்ததுண்டு. 1852இல் பினாங்குக்கு வந்த கத்தோலிக்கக் கன்னியர்கள் பள்ளிக்கூடத்தோடு அநாதை விடுதியும் நடத்தினார்கள். அதே சபையினர் 1899இல் கோலாலம்பூரிலும் பணியைத் தொடங்கினர். ஆனால் யுத்தம் விட்டுச்சென்ற பிள்ளைக் கூட்டத்துக்கு இருந்த இடங்கள் எப்படிப் போதும்?

இந்த நிலையில்தான் சுவாமி சத்தியானந்தா என்ற துறவி 1949இல் சுத்த சமாஜத்தை நிறுவினார். கோலாலம்பூருக்கு வெளியே, பூச்சோங் சடக்கில் ஆறாங்கட்டையில் அதன் இல்லம் அமைந்தது. இன்றைய ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து அதிக தூரமில்லை. அந்நாளில் அந்த வட்டாரம் ரப்பர் தோட்டமும் ஈயலம்பமுமாக இருந்தது. இல்லம் எழுந்த காலமோ அவசரகாலம். 1948இல் அது பிரகடனமாகிவிட்டது. ஸ்ரீ கெம்பாங்கானுக்கு அப்போது செர்டாங் பாரு என்று பெயர். காட்டோரத்து மக்களை ஒரே இடத்தில் குடியேற்றி, சுற்றிலும் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் அதுவும் ஒன்று. சீனாவிலிருந்து வெளியேற்றப்பட்ட கிறிஸ்தவ மிஷனரிமார் பலர் இத்தகைய புதுக்கிராமங்களுக்கு வந்து மருந்தும் கல்வியும் கொடுத்தார்கள். ஒரே வட்டாரத்தில், ஒரே சில ஆண்டுகளில், ஒரு குடியிருப்பு மக்களை அடைத்துக் காப்பதற்காக எழுந்தது. இன்னொன்று பிள்ளைகளைச் சேர்த்து வளர்ப்பதற்காக எழுந்தது.

சுவாமி காவி உடுத்தவர்தான். ஆனாலும் அவருடைய எண்ணம் ஒரு சமயத்துக்குள் அடங்கவில்லை. எல்லாச் சமயத்தாரும் வணங்கத்தக்க ஓர் ஆலயமும் அங்கே எழுந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி உண்டு. சமாஜம் அச்சுக்கூடம் நடத்தியது. 'தர்மா' என்ற இதழையும் வெளியிட்டது. சோறு போடுவதோடு நின்றிருந்தால் அது வெறும் சத்திரமாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வெளியுலகிலும் அதே காலத்தில் இதே கேள்விதான் எழுந்தது. சுவிட்சர்லாந்தில் டிரோகன் என்ற மலையூரில் 1946இல் யுத்த அநாதைகளுக்காகவே ஒரு கிராமம் கட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொரு வீடு. ஆஸ்திரியாவில் ஹெர்மன் கிமைனர், ஐந்து வயதில் தாயை இழந்து அக்காளின் கையில் வளர்ந்தவர், 1949இல் இம்ஸ்ட் என்ற ஊரில் மற்றொரு கிராமத்துக்கு அடிக்கல் நாட்டினார். பெரிய விடுதி வேண்டாம். வீட்டுக்கு ஒரு தாய், அவளோடு சில பிள்ளைகள், அண்ணன் தங்கையைப் பிரிக்கக்கூடாது என்பது அவருடைய ஏற்பாடு. அதற்குப் பணம்? மாதம் ஒரு ஷில்லிங் தாருங்கள் என்று ஊராரிடம் கேட்டார்.

பூச்சோங்கிலும் அந்தத் தாய் இல்லாமல் போகவில்லை. 1926இல் சிங்கப்பூரில் பிறந்த மங்களம் அம்மையார் தொடக்க காலத்திலேயே சுவாமியோடு பணியில் சேர்ந்தார். 1961இல் சாலை விபத்தில் சுவாமி காலமானபோது, சமாஜத்தின் கதி என்னவாகும் என்று கலங்கியவர்கள் உண்டு. பொறுப்பை அம்மையார் ஏற்றார். யுத்த அநாதைகள் வளர்ந்து வெளியேறினார்கள். வேறு துயரங்களால் வீடிழந்த பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கும் அவர் 'அன்னை'யாகவே இருந்தார். 2023 ஜூன் மாதத்தில், தமது 97ஆம் வயதில் அவர் மறைந்தார்.