கோபுரம் பேசிய மொழி
தரைவழித் தொலைக்காட்சியும் தலைநகர்த் தமிழரும்

தில்லியில் 1980களில் குடித்தனம் நடத்திய தமிழ்க் குடும்பங்களில், மொட்டை மாடி ஏறி ஆண்டெனா திருப்பாதவர்கள் மிகக் குறைவு. ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்பில் மாடியில் நான் நிற்பேன். மாடிப்படியில் தம்பி. வீட்டுக்குள் டிவி முன்னால் அப்பா. "தெரியுதா?" என்று நான் கத்துவேன். "இன்னும் கிரெயின்ஸ் இருக்காம், கொஞ்சம் இடது பக்கம் திருப்பு" என்று தம்பி மேலே சொல்லி அனுப்புவான். படம் தெளிந்ததும் கையை எடுப்பேன். எடுத்ததும் படம் போய்விடும்!

ஞாயிறு மதியம் தேசிய ஒளிபரப்பில் மாநில மொழிப் படம் வரும் நாள்களில் இந்தக் கூத்து அதிகம். சுழற்சி முறையில் ஒவ்வொரு மொழியாக வந்து, எப்போதாவது ஒருமுறை தமிழின் முறை வரும். அன்றைக்கு அடுத்த பிளாக்கிலிருந்து மாமா, மாமி, குழந்தைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். பல மாதத்தில் அந்த ஒரு மதியம்தான் தில்லிக் கோபுரம் நம்மோடு தமிழில் பேசும். இந்தியத் தரைவழித் தொலைக்காட்சியின் கதையை அந்தக் கோபுரத்தை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு கோபுரம், ஒரு குரல்

தரைவழி ஒளிபரப்பு என்றால் வேறொன்றுமில்லை. ஊரில் உயரமான இடத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர். அது அனுப்பும் அலையை வீட்டு ஆண்டெனா நேரே வாங்கிக்கொள்ளும். நடுவில் செயற்கைக்கோள் தட்டும் இல்லை, கேபிள்காரரும் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை. யார் பார்க்கிறார்கள் என்று கோபுரத்துக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தேவையில்லை.

இந்தியாவில் இது தொடங்கியதே தில்லியில்தான். 1959 செப்டம்பர் 15 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். அகில இந்திய வானொலியின் ஒரு கிளையாக, யுனெஸ்கோ உதவியோடு, வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் நடந்த சோதனை ஒளிபரப்பு அது. தினசரி ஒளிபரப்பு 1965இல் வந்தது. 1967 ஜனவரி 26இல் 'கிருஷி தர்ஷன்' தொடங்கியபோது, தில்லியைச் சுற்றிய 80 கிராமங்களை மனதில் வைத்துத்தான் தயாரித்தார்கள். கோபுரத்தின் அலை எட்டும் வட்டத்துக்குள் யார் இருக்கிறார்களோ, அவர்களுக்கான நிகழ்ச்சி என்பதே அன்றைய கணக்கு.

1972இல் பம்பாய், 1975இல் கல்கத்தா, அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல் சென்னை என்று நிலையங்கள் பெருகின. 1976 ஏப்ரல் 1 முதல் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது. 1982இல் வண்ணம் வந்தது. தேசிய நிகழ்ச்சியும் வந்தது. 1983இல் இன்சாட்-1பி விண்ணேறிய பிறகு, 1984இல் சில மாதங்கள் நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு டிரான்ஸ்மிட்டர்களை நட்டார்கள். பெரும்பாலும் 100 வாட் சக்தி. ஓர் ஊரும் அதன் சுற்றுப்புறமும் அடங்கும் வீச்சு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தச் சிறு டிரான்ஸ்மிட்டர்கள் செயற்கைக்கோள் வழியே தில்லி நிகழ்ச்சியை வாங்கி, அப்படியே திருப்பி அனுப்பின. அதனால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் உள்ளூர்க் கோபுரம் ஆரம்பத்தில் பெரும்பாலும் இந்தியே பேசியது. லீவுக்கு ஊருக்குப் போன நாங்கள், "இங்கயும் அதேதானா!" என்று சிரித்திருக்கிறோம். தென்கோடிக் கடலோர ஊர்களிலோ நெடிய கம்பம் நட்டு, ஆண்டெனாவைத் தெற்கே திருப்பி, 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பிடித்தார்கள். அலைக்குக் கடலும் எல்லையும் தெரியாது.

கேபிள் வந்தது, மாடி காலியானது

1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி தொடங்கியது. அதே சித்திரையில் தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலும் செயற்கைக்கோளில் ஏறியது. பின்னாளில் 'பொதிகை' என்று பெயர் பெற்று, 2024 ஜனவரியிலிருந்து 'டிடி தமிழ்' ஆனது அதுதான். கேபிள்காரரிடம் தமிழ்ச் சேனல் கேட்டு நம்மவர்கள் பேட்டைக்குப் பேட்டை மனுக் கொடுத்தது ஒரு தனி வரலாறு. பிறகு டிஷ் வந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனே 'டிடி டைரக்ட் பிளஸ்' என்று மாதக் கட்டணமில்லாத டிஷ் சேவையைத் தொடங்கியது; இன்றைய 'ஃப்ரீ டிஷ்' அதன் வளர்ச்சிதான்.

பல மாதத்துக்கு ஒரு மதியம் கிடைத்த தமிழ் நாள் முழுக்கக் கிடைத்தது. யாருக்கு மனக்குறை? மொட்டை மாடி ஆண்டெனாவில் காக்கை உட்கார்ந்தது. பிறகு பழைய இரும்புக்காரர் வாங்கிப் போனார்.

டிஜிட்டல் கோபுரம்

இதே காலத்தில் உலகின் வேறு ஊர்களில் கோபுரமே மாறிக்கொண்டிருந்தது. பிரிட்டனில் 1998இல் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கியது. பெர்லின் நகரம் 2003 ஆகஸ்டில் பழைய அனலாக் ஒளிபரப்பை அடியோடு நிறுத்தியது. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூனில் மாறின. ஜப்பானின் பெரும்பகுதி 2011 ஜூலையில் மாறியது.

என்ன வித்தியாசம்? அனலாக்கில் ஓர் அலைவரிசைக்கு ஒரே சேனல். அலை மெலிந்தால் படம் மெல்ல மெல்லப் புள்ளியாகும். உயரமான கட்டடத்தில் மோதித் திரும்பினால் நிழலுருவம் விழும். டிஜிட்டலில் படத்தை எண்களாக்கிச் சுருக்கி, ஆயிரக்கணக்கான சிறு அலைகளில் பிரித்து அனுப்புகிறார்கள். ஆகவே மோதித் திரும்பும் அலையையும் தாங்கும். ஆனால் ஒரு அளவுக்குக் கீழே போனால் சதுரம் சதுரமாக உடைந்து, சட்டென்று திரை இருண்டுவிடும். "ஏதோ சுமாரா தெரியுது" என்ற நிலை இங்கே கிடையாது.

முக்கியமான லாபம் வேறு. முன்பு ஒரு சேனல் அடைத்துக்கொண்ட இடத்தில் இப்போது பல சேனல்கள் உட்காரலாம். டிவிபி-டி2 என்ற இரண்டாம் தலைமுறை முறையில், சாதாரணத் தரமென்றால் பத்துச் சேனல் வரைகூட ஏற்றலாம். ஒரு கோபுரம், ஒரு குரல் என்ற பழைய நிர்ப்பந்தம் அத்தோடு தீர்ந்தது.

நம் நாட்டிலும் முயன்றார்கள். 2003 வாக்கில் நான்கு பெருநகரங்களில் சோதனை நடந்தது. பிறகு 2016 பிப்ரவரியில் தில்லி, சென்னை, மும்பை, கொல்கத்தா உள்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் டி2 ஒளிபரப்பைத் தொடங்கியது. டிடி நேஷனல், நியூஸ், பாரதி, ஸ்போர்ட்ஸ், அத்தோடு மாநிலச் சேனல் அல்லது கிசான் என்று ஐந்து சேனல்கள்.

செய்தி படித்ததும் எனக்குப் பழைய ஆசை வந்துவிட்டது. மின்னணுச் சந்தையில் நாலு கடை ஏறி இறங்கினேன். "டி2 பாக்ஸா? டிஷ் வேணுமா சார்?" என்பதே எல்லா இடத்திலும் பதில். கடைசியில் வீட்டு டிவியின் கையேட்டைப் புரட்டினால், அதற்குள்ளேயே டி2 ட்யூனர் இருந்தது! இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

ஆண்டெனாவும் மாறவேண்டும். பழைய தில்லிக் கோபுரத்தின் நான்காம் சேனல் சுமார் 62 மெகாஹெர்ட்ஸில் வந்தது. அதை வாங்கும் குழாய் அரை அலைநீளம், அதாவது ஏறக்குறைய 2.4 மீட்டர் நீளம் வேண்டும். நம் மாடியில் நின்ற பெரிய சட்டம் அதுதான். டி2 வந்ததோ யு.எச்.எஃப். அலையில். 500 மெகாஹெர்ட்ஸுக்கு 30 சென்டிமீட்டர் போதும். பால்கனிக் கம்பியில் அந்தச் சின்ன ஆண்டெனாவைக் கட்டினேன். மாடியும் ஏறவில்லை, தம்பியும் வேண்டியிருக்கவில்லை. ஐந்து சேனலும் கண்ணாடி போலத் தெரிந்தன.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "இதுல தமிழ் வருமா?"

வராது என்றேன்.

எங்கே தவறியது?

அம்மாவின் கேள்வியில் ஒரு வரலாற்றுத் தவறு வெளிப்படுகிறது என்று பின்னால் தோன்றியது. அனலாக் காலத்தில் தில்லிக் கோபுரம் தமிழ் பேச முடியாததற்கு இடமின்மை என்ற காரணம் சொல்லலாம். டிஜிட்டல் காலத்தில் அந்தக் காரணம் இல்லை. தூர்தர்ஷனிடமே தமிழ்ச் சேனல் தயாராக இருந்தது, இடமும் இருந்தது. தில்லியில் தமிழ், சென்னையில் இந்தி, மும்பையில் தமிழும் பிற மொழிகளும் என்று புலம்பெயர்ந்தவர்களுக்கும் ஓர் இருக்கை போட்டிருக்கலாம். கேட்டவர்கள் யார்? நாமும் கேட்கவில்லை. நமக்குத்தான் கேபிளும் டிஷ்ஷும் இருந்தனவே!

பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே கட்டண முறையில் தொடங்கிய தரைவழிச் சேவை 2002இல் நொடித்துப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் கட்டணமில்லாத 'ஃப்ரீவியூ' வந்தது. பல சேனல்கள், எல்லாக் கடையிலும் பெட்டி. மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். இங்கே பெட்டி கடையில் இல்லை; சேனல்கள் எல்லாம் ஒரே அமைப்பினுடையவை; டிஷ்ஷிலேயே அதைவிட அதிகம் இலவசமாகக் கிடைத்தது. தனியாருக்கும் இதில் இடம் தரலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 ஜனவரியில் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை செயலுக்கு வந்து தரைவழிச் சேவை பரவுவதற்குள் அனலாக்குக்கே நாள் குறித்தாகிவிட்டது. எல்லையோரம் முதலிய முக்கிய இடங்களில் சுமார் 50 டிரான்ஸ்மிட்டர் தவிர மற்றவற்றை 2022 மார்ச் 31க்குள் நிறுத்திவிடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. 1959இல் தில்லியில் எழுந்த குரல், பெரிய வழியனுப்புதல் ஏதுமின்றி அடங்கியது.

இனிக் கேட்கவேண்டியது

"டிஷ் இருக்கே, போன் இருக்கே, இப்ப இது எதுக்கு?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது தில்லியில் இருந்த நாம் எத்தனை முறை போன் போட்டோம்! பல பகுதிகளில் மின்சாரமும் செல்போனும் செயலிழந்துவிட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கோபுரமும் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னப் பெட்டியும் லட்சம் பேருக்கு ஒரே சமயத்தில் சேதி சொல்லும். எத்தனை பேர் பார்த்தாலும் அலை திணறாது. பார்ப்பவர் பணம் கட்டினாரா என்றும் கேட்காது.

கோபுரத்தின் கதையும் முடிந்துவிடவில்லை. அலையை நேரே கைப்பேசிக்கே அனுப்பும் முறையைக் கான்பூர் ஐ.ஐ.டி.யும் பிரசார் பாரதியும் சேர்ந்து சோதித்திருக்கின்றன. அது நாடு முழுக்க வந்தால், எந்த ஊரில் எந்தெந்தச் சேனல் என்ற பட்டியலை யாரோ ஒருவர் எழுதத்தான் போகிறார். அந்தப் பட்டியல் எழுதப்படுவதற்கு முன்பே நம்மைப் போன்ற சங்கங்கள் ஒரு மனு எழுதிக் கொடுக்கவேண்டும். தில்லியில் தமிழ் வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதாது. திருப்பூரில் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் அவர்கள் மொழி அங்கே கிடைக்கவேண்டும் என்று சேர்த்துக் கேட்டால்தான் நம் கோரிக்கைக்கு எடை கூடும்.

அம்மா இப்போது இல்லை. அந்த 30 சென்டிமீட்டர் ஆண்டெனாவை மட்டும் நான் இன்னும் பால்கனியிலிருந்து அவிழ்க்கவில்லை.